ஐஸ் கிங் டியூடர்: ஃப்ரிட்ஜே இல்லாத காலத்தில் பாஸ்டன் ஐஸ் மெட்ராஸ் வந்தது எப்படி?

ஏசி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, ஒரு டன்னா ஒன்றரை டன்னா என்பதுதான். அந்த டன் ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் முழுசா உருகினால், சுற்றியிருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் மெஷின்தான் ஒரு டன் ஏசி. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட்.

மெஷினின் திறனை ஏன் ஐஸை வைத்து அளக்கிறார்கள்? மெஷின் வருவதற்கு முன்பு குளிர்ச்சியை விலைக்கு வாங்க வேண்டும் என்றால் ஐஸைத்தான் வாங்க வேண்டும். அந்த ஐஸை கப்பல் கப்பலாகக் கடல் கடந்து விற்று, உலக வியாபாரமாக மாற்றியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர் ஃபிரெடெரிக் டியூடர். அந்தக் காலத்திலேயே அவரை ஐஸ் கிங் என்று அழைத்தார்கள். சென்னை கடற்கரையில் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணமும் அவர்தான்.

ஆனால் டியூடரின் உண்மையான கண்டுபிடிப்பு ஐஸ் இல்லை. ஐஸ் ஏரியில் இலவசமாகக் கிடைத்தது. வெயில் கொளுத்தும் ஊரில் அதை உருகாமல் வைக்க ஒரு கிடங்கு கட்டுவது எப்படி என்பதுதான் அவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய விஷயம். அதைக் கற்றுக்கொள்வதற்குள் கடனில் மூழ்கினார், ஜெயிலுக்கும் போனார்.

யார் இந்த டியூடர்?

1783 செப்டம்பர் 4-ம் தேதி பாஸ்டனில் பிறந்தார். அப்பா வில்லியம் டியூடர் ஊரறிந்த வழக்கறிஞர், வசதியான குடும்பம். சகோதரர்கள் ஹார்வர்டில் படிக்கப் போனார்கள். ஃபிரெடெரிக்குக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. 13 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வியாபாரம் பழகப் போய்விட்டார்.

பாஸ்டன் பக்கத்தில் சாகஸ் என்ற ஊரில் குடும்பத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. குளிர்காலத்தில் அங்குள்ள குளம் உறைந்து கெட்டியாகும். அதை வெட்டி, பண்ணையிலேயே ஒரு சிறிய கிடங்கில் வைத்து, கோடையில் குளிர்ந்த பானத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பயன்படுத்துவார்கள். அந்தப் பகுதியின் வசதியான வீடுகளில் இது சாதாரண விஷயம்.

1801-ல், 17 வயதில், முழங்கால் நோயால் அவதிப்பட்ட சகோதரர் ஜான் ஹென்றியை அழைத்துக்கொண்டு கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். வெப்பமான ஊர்க் காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம் அது. ஹவானாவின் புழுக்கத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. சிகிச்சையும் பலன் தரவில்லை, 1802-ல் ஜான் இறந்துபோனார். வெப்ப நாட்டின் புழுக்கம் எப்படி இருக்கும் என்பதை டியூடர் நேரில் பட்டுத் தெரிந்துகொண்டது அந்தப் பயணத்தில்தான்.

1805 கோடையில் குடும்பத்தார் கூடியிருந்தபோது அண்ணன் வில்லியம் ஒரு யோசனையைச் சொன்னார். நம்ம ஊர்க் குளத்து ஐஸை கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன? மற்றவர்கள் அதைப் பேச்சோடு விட்டுவிட்டார்கள். ஃபிரெடெரிக் விடவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஐஸ் வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு டைரி எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது.

முதல் கப்பல்: ஐஸ் வந்தாச்சு, வைக்க இடம் இல்லை

ஐஸை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பல்காரரும் ஒப்புக்கொள்ளவில்லை. உருகினால் தண்ணீர் தேங்கிக் கப்பலே ஆபத்தில் சிக்கும் என்ற பயம். என்ன செய்வது? சுமார் 4,750 டாலர் கொடுத்து ஃபேவரிட் என்ற கப்பலையே வாங்கிவிட்டார். 1806 பிப்ரவரி 10-ம் தேதி அது பாஸ்டனிலிருந்து மார்டினிக் தீவுக்குக் கிளம்பியது. ஊரே சிரித்தது.

சுமார் மூன்று வாரப் பயணத்துக்குப் பிறகு செயின்ட் பியர் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது பெரும்பகுதி ஐஸ் அப்படியே இருந்தது. கடலில் ஐஸ் உருகிவிடும் என்று சொன்னவர்களின் கணக்கு தப்பாகிவிட்டது. ஆனால் டியூடரின் கணக்கும் தப்பியிருந்தது. தீவில் ஐஸை இறக்கி வைக்கக் கிடங்கே இல்லை. கப்பலிலேயே வைத்துச் சில்லறையாக விற்க வேண்டிய நிலை. வாங்கியவர்களுக்கும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தண்ணீராகிவிட்டது என்று குறைபட்டார்கள்.

ஒரு தோட்ட உணவகத்துக்காரருக்கு டியூடரே ஐஸ்கிரீம் செய்து காட்டினார். அது நன்றாக விற்றது. ஆனாலும் ஒன்றரை மாதத்துக்குள் சரக்கு தீர்ந்தும் கரைந்தும் போனது. கையை விட்டுப்போனது சில ஆயிரம் டாலர்.

இந்தத் தோல்வி சொன்ன பாடம் ஒன்றுதான். சரக்கை அனுப்புவது பாதி வேலை. போய்ச் சேரும் இடத்தில் வெப்பத்தைத் தடுக்கும் கிடங்கு இருந்தால்தான் மீதி வேலை நடக்கும்.

கடன், தடை, ஜெயில்

அடுத்து 1807-ல் ஹவானாவுக்கு ஐஸ் அனுப்பினார். வியாபாரம் கொஞ்சம் பிடிபடும் நேரத்தில், அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்கே தடை போட்டது. பிரிட்டனும் பிரான்ஸும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அமெரிக்கக் கப்பல்கள் துறைமுகத்திலேயே முடங்கின. அதே காலகட்டத்தில் அப்பா நில முதலீடுகளில் பணத்தைத் தொலைத்தார். வசதியான குடும்பம் என்ற பின்பலமும் போனது.

1810-ல் ஹவானாவில் முதல்முறையாக லாபத்தைக் கண்ணில் பார்த்தார். அது கடன்களுக்கே போதவில்லை. 1812-ல் பிரிட்டனுடன் போர் மூண்டதும் கடல் வணிகம் மறுபடியும் படுத்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளும் சட்டம் அப்போது இருந்தது. 1812-லும் 1813-லும் சில காலம் அவர் கடனாளிகளுக்கான சிறையில் இருந்தார். 30 வயதை எட்டும் நேரத்தில் அவரிடம் இருந்தது ஊராரின் கேலியும் ஒரு டைரியும்தான்.

போர் முடிந்த 1815-ல் மறுபடியும் கடன் வாங்கி, கடன்காரர்கள் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு ஹவானாவுக்குக் கப்பல் ஏறினார். இந்தமுறை அவர் முதலில் கவனித்தது ஐஸை இல்லை. கிடங்கை.

ஹவானா கிடங்கில் என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஐஸை மண்ணுக்கு அடியில் குழி தோண்டித்தான் வைப்பார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. வெப்ப நாட்டில் மண்ணே சூடாக இருக்கும், குழியில் உருகிய நீர் வடியவும் வழி இருக்காது. டியூடர் ஹவானாவில் தரைக்கு மேலேயே கிடங்கு கட்டினார். மரத்தால் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வெப்பம் கடத்தாத பொருள்.

எந்தப் பொருள் நல்லது? அதை ஊகிக்காமல் அளந்து பார்த்தார். கிடங்கிலிருந்து மணிக்கு எவ்வளவு நீர் வடிகிறது என்று பிடித்துக் கணக்கெழுதினார். வைக்கோல், மரச்சீவல், மரத்தூள், கம்பளி என்று மாற்றி மாற்றிப் போட்டார். கதவு திறந்திருந்தால் எவ்வளவு உருகுகிறது, மூடினால் எவ்வளவு என்றும் பார்த்தார். இன்றைக்குக் குளிர்பதனக் கிடங்கில் சென்சார் வைத்துப் பார்க்கும் வேலையை, அவர் ஒரு பாத்திரத்தையும் கடிகாரத்தையும் வைத்துச் செய்தார்.

இந்த முயற்சிகள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. தொடக்கத்தில் ஒரு சீசனில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் உருகிப்போன நிலை மாறி, பிற்காலக் கிடங்குகளில் இழப்பு 8 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

ஐஸ் கிடங்கு எப்படி வேலை செய்தது?

மின்சாரம் இல்லை, மெஷின் இல்லை. பிறகு எப்படி மாதக்கணக்கில் ஐஸ் தாங்கியது? இதற்கு ஐந்து காரணங்கள்.

முதலாவது, ஐஸ் உருகுவதற்கே நிறைய வெப்பம் தேவை. 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸ், அதே 0 டிகிரி தண்ணீராக மாற 334 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்க வேண்டும். அதே வெப்பத்தை வைத்து ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஆகவே கிடங்குக்குள் கொஞ்சம் வெப்பம் கசிந்தாலும் ஐஸ் சட்டென்று தீராது.

இரண்டாவது, குவியல் பெரிதாக இருந்தால் உருகுவது குறையும். வெப்பம் வெளிப்பரப்பு வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு மீட்டர் நீள அகல உயரம் உள்ள ஐஸ் கட்டிக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதை எட்டுத் துண்டாக வெட்டிப் பிரித்து வைத்தால் 12 சதுர மீட்டர் ஆகிவிடும். 10 மீட்டர் உள்ள பெரிய குவியலில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் வருவது 0.6 சதுர மீட்டர்தான். வீட்டுக்கு வாங்கிப்போன துண்டு ஐஸ் உடனே கரைய, கிடங்கில் உள்ள மலை ஐஸ் கரையாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, மரத்தூள். அதற்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் இதே வேலையால்தான். கம்பளி சூட்டைக் கொடுப்பதில்லை, வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநில மர ஆலைகளில் மரத்தூள் வீணாகக் கொட்டப்பட்ட குப்பை. டியூடரின் வியாபாரத்தால் அதுவே விலை போகும் சரக்கானது.

நான்காவது, வடிகால். மரத்தூள் நனைந்தால் காற்றறைகளில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக, உருகிய நீர் தேங்காமல் உடனே வெளியே போக வேண்டும். அதே நேரம் வடிகால் வழியாக வெளிக்காற்று உள்ளே வரவும் கூடாது.

ஐந்தாவது, கதவு. குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். பக்கவாட்டில் பெரிய கதவைத் திறந்தால் அது தண்ணீர் மாதிரி வெளியே வழிந்துவிடும், அந்த இடத்தில் சூடான காற்று புகும். வாசல் சிறிதாகவும் உயரத்திலும் இருந்தால் குளிர் உள்ளேயே நிற்கும்.

பழம் அழுகிய கதை

கிடங்கு கைகொடுத்ததும் டியூடருக்கு இன்னொரு ஆசை வந்தது. ஐஸ் கொண்டுபோன கப்பல் காலியாகத் திரும்புவானேன்? கியூபாவின் பழங்களை ஐஸோடு வைத்து நியூயார்க்குக்கு அனுப்பினால்? 1816-ல் 40 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அதையும் செய்து பார்த்தார். ஒரு மாதப் பயணத்தில் பெரும்பாலான பழங்கள் அழுகிப்போயின. கடன் இன்னும் ஏறியது.

இன்றைய குளிர்பதன அறிவோடு பார்த்தால், அந்தச் சரக்கில் எத்தனை சிக்கல்கள் இருந்திருக்கும் என்பது தெரியும். பறித்த பழத்துக்கும் உயிர் உண்டு. அது சுவாசிக்கும், வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடும். அந்த வெப்பத்தை எடுத்துப்போகக் காற்றோட்டம் வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பழத்துக்கும் வேண்டிய குளிரும் வேறு. ஆப்பிள் 0 டிகிரிக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும், வாழைப்பழமோ சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கறுத்துக் கெட்டுவிடும். குளிராக இருந்தால் போதும் என்பது ஐஸுக்குப் பொருந்தும். பழத்துக்குப் பொருந்தாது.

ஓசி ஐஸ், ஒரே விலை

கிடங்கு தயார், சரக்கும் தயார். வாங்குபவர் வேண்டுமே? குளிர்ந்த பானம் என்ற பழக்கமே இல்லாத ஊர்களில் டியூடர் அந்தப் பழக்கத்தை உண்டாக்கினார். மது விடுதிக்காரர்களுக்கு முதலில் ஐஸை ஓசியில் கொடுத்தார். சூடான நாளில் குளிர்ந்த பானத்தையும் சாதாரண பானத்தையும் ஒரே விலைக்கு விற்கச் சொன்னார். ஒருமுறை குளிர்ச்சியைக் குடித்துப் பழகியவர் திரும்பி வெதுவெதுப்பான பானத்தைக் கேட்க மாட்டார் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. மருத்துவமனைகளிடம் காய்ச்சலுக்கு ஐஸ் நல்லது என்று எடுத்துச் சொன்னார். 1817-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் சார்ல்ஸ்டன், அடுத்து சவானா, 1820-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் என்று கிடங்குகள் வரிசையாக எழுந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போன இடமெல்லாம் போட்டியாளர் யாரும் வராதபடி அரசிடம் தனி உரிமை வாங்குவதே அவர் பாணி. யாராவது போட்டிக்கு வந்தால் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, எதிராளியின் ஐஸ் விற்காமலேயே உருகும்படி செய்துவிடுவார். ஹவானாவும் அமெரிக்கத் தென்மாநிலங்களும் அடிமைகளின் உழைப்பில் செழித்த இடங்கள். அங்கே குளிர்ந்த கோப்பையைக் கையில் ஏந்தியவர்கள் அந்த உழைப்பில் பணக்காரர் ஆனவர்கள்.

ஏரியை உழுதவர்

தேவை கூடியதும் சப்ளையில் சிக்கல் வந்தது. ஏரி ஐஸைக் கோடரியாலும் ரம்பத்தாலும் கையால் வெட்டினால் நேரமும் கூலியும் எகிறின. கட்டிகளும் கோணல்மாணலாக இருந்தன. இதற்கு வழி கண்டவர் நதானியல் வயத். கேம்பிரிட்ஜில் உள்ள ஃப்ரெஷ் பாண்ட் ஏரிக்கரையில் இவர் குடும்பம் ஹோட்டல் நடத்தியது.

1825-ல் வயத், குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கினார். வயலில் ஏர் ஓட்டுவது போல உறைந்த ஏரியில் நேர்க்கோடுகள் போட்டு, குறுக்கிலும் கோடுகள் போட்டால் சதுரங்கக் கட்டம் மாதிரி ஆகிவிடும். பிறகு கடப்பாரையால் நெம்பினால் ஒரே அளவுக் கட்டிகள் வரிசையாக வரும். ஒரு டன் ஐஸை வெட்டும் செலவு 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாகக் குறைந்தது.

செலவு குறைந்தது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் கிடங்கில் கிடைத்தது. ஒரே அளவுக் கட்டிகளைச் செங்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். இடையில் காற்று ஓட வழி இல்லை, உருகுவதும் குறைந்தது. கப்பலிலும் அதே முறை. உள்சுவரில் பலகை அடித்து, நடுவே மரத்தூள் நிரப்பி, கப்பலின் சரக்கறையையே மிதக்கும் குளிர்க் கிடங்காக மாற்றினார்கள். இந்தக் கப்பல் தொழில்நுட்பம்தான் அடுத்த பெரிய கதவைத் திறந்தது. இந்தியா.

கல்கத்தா: நான்கு மாதக் கடல், நூறு டன் ஐஸ்

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, சுமார் நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. சுமார் 100 டன் மிச்சம் இருந்தது.

அதுவரை கல்கத்தாவில் கிடைத்தது ஹூக்ளி ஐஸ். குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் அகலமான மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேற, விடியலில் மேலே மெல்லிய ஐஸ் படியும். உள்ளூர் மக்களின் அருமையான நுட்பம் அது. ஆனால் அளவு குறைவு, அழுக்கும் கலந்திருக்கும், கோடை முழுக்கத் தாங்காது. அதன் முன்னால் அமெரிக்க ஏரியின் கண்ணாடி போன்ற கட்டிகள் வந்து நின்றன.

ஆங்கிலேய அதிகார வட்டாரம் கொண்டாடியது. ஐஸுக்குச் சுங்க வரி விலக்கப்பட்டது. வெயிலில் கரையாமல் இருக்க இரவில் இறக்கவும் அனுமதி கிடைத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், ஐஸோடு வந்த டியூடரின் கூட்டாளி வில்லியம் ரோஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். ஐஸ் கிடங்கு கட்ட நகரத்தார் சந்தா திரட்டினார்கள். 1806-ல் மார்டினிக் தீவில் இல்லாத கிடங்கை, 27 ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர்களே கட்டிக்கொடுக்க முன்வந்தார்கள்.

இந்தியா அவரைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். அந்த நேரத்தில் காபிக் கொட்டை விலையை நம்பி அவர் ஆடிய சூதாட்டம் தோற்று, 200,000 டாலருக்கும் மேல் கடன் விழுந்தது. 1834-ல்தான் திருமணம். மாப்பிள்ளைக்கு வயது 50, மணமகள் யூஃபீமியா ஃபென்னோவுக்கு 19. ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். கடனை அடைக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. அடைத்தது பெரும்பாலும் இந்திய ஐஸ் பணம். இருபது ஆண்டுகளில் கல்கத்தாவில் மட்டும் சுமார் 220,000 டாலர் லாபம் வந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு.

மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ்

1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் கிடங்கு எழுந்தது. பம்பாயிலும் ஒன்று வந்தது. மெட்ராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கு எல்லாம் மசூலா படகுகளில் அலைமேல் ஏறி இறங்கிக் கரைக்கு வரும். வெயிலில் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்பதால், கடலை ஒட்டிய இடத்தில் கிடங்கு இருப்பது எத்தனை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐஸ் யாருக்குப் போனது? ஐரோப்பிய அதிகாரிகள், கிளப்புகள், பணக்காரக் குடும்பங்கள், காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு மருந்தாகக் கொஞ்சம். தலையில் சுமந்து இறக்கிய தொழிலாளிக்கு அது கையில் பட்ட குளிர், அவ்வளவுதான்.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அதைப் பார்த்து, தன் வால்டன் நூலில் பதிவு செய்தார். அந்தக் குளத்து ஐஸ் போய்ச் சேரும் ஊர்களில் ஒன்றாக மெட்ராஸின் பெயரும் அதில் வருகிறது.

கடைசிக் காலமும் அதற்குப் பிறகும்

1856-ல் பாஸ்டனிலிருந்து ஏற்றுமதியான ஐஸ் சுமார் 146,000 டன். ஒரு காலத்தில் ஊர் சிரித்த யோசனை, ஊரின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்றாகிவிட்டது. 1864 பிப்ரவரி 6-ம் தேதி டியூடர் 80-வது வயதில் பெரும் செல்வந்தராக இறந்தார். தன் வியாபாரம் சரிவதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவிலேயே மெஷினில் ஐஸ் தயாரிக்கும் ஆலைகள் வந்தன. உள்ளூரில் செய்யும் ஐஸ் இருக்கும்போது, பாதி உலகம் சுற்றி வரும் ஐஸை யார் வாங்குவார்? கிடங்குகள் காலியாயின. கல்கத்தா, பம்பாய் கட்டடங்கள் இன்று இல்லை. மெட்ராஸில் மட்டும் நின்றது.

அதை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னல்களும் வராந்தாக்களும் சேர்த்து வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் மேற்கு நாடுகளிலிருந்து திரும்பியபோது தங்கியது அங்கேதான். 1963-ல் அது விவேகானந்தர் இல்லம் ஆனது. வெளிக்காற்று புகக் கூடாது என்றே கட்டிய கட்டடம் என்பதால், வீடாக மாற்றிய பிறகும் காற்றோட்டம் போதவில்லை என்பார்கள். டியூடரின் ஆட்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இன்றைய குடோனுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்று குடோனைக் குளிர்விக்கப் பல வழிகள் உள்ளன. மருந்து, ஐஸ்கிரீம், மீன் வைக்கும் இடங்களுக்குக் கம்ப்ரசர் வைத்த குளிர்பதனம் கட்டாயம். சாதாரண சரக்குக்கு, கூரையில் சூடான காற்றை வெளியேற்றும் விசிறி, வெள்ளைப் பூச்சு, பெரிய இறக்கை கொண்ட மின்விசிறி போதும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர் வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடலோர ஊரில் அதன் பலன் குறைவு, சரக்குக்கு ஈரமும் ஏறும். குளிர் நாடுகளில் பிரச்சினை தலைகீழ். அங்கே சரக்கு உறையாமல் இருக்க ஹீட்டர் வைக்கிறார்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும், டியூடர் ஹவானாவில் அளந்த விஷயங்கள் அதற்கு முன்னால் வந்து நிற்கும். இரட்டை மரச்சுவருக்கும் மரத்தூளுக்கும் பதில் இப்போது பஃப் பேனல். அதிலும் வேலை செய்வது நுரைக்குள் சிறைப்பட்ட அசையாத வாயுதான். உயரத்தில் வைத்த சின்ன வாசலுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டைத் திரையும், ஏர் கர்ட்டனும், இரட்டைக் கதவு அறையும். வடிகால் அன்றும் இன்றும் வடிகால்தான். சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் வெப்பம் கசியும் குடோனில் எத்தனை டன் மெஷின் மாட்டினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும்.

டியூடரிடம் மெஷின் இல்லை, அந்தத் தப்பைச் செய்ய அவருக்கு வாய்ப்பும் இல்லை. சுவரும் கதவும் சரியில்லை என்றால் அவர் முதலீடு கண்ணெதிரே தண்ணீராகத் தரையில் ஓடியது. அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளக்கத் தோன்றியதுதான், ஜெயிலுக்குப் போன கடனாளியை ஐஸ் கிங் ஆக்கியது.